மீதித் தூரம்

மீதி நாலாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு என்கிறது முன்சீட்டின் முதுகில் இருக்கிற சின்னத் திரை. இங்கிலீஷ் எழுத்து எனக்கு வராது, எண் வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான், எண் படித்தது மைல்கல்லில். தனியாக நிற்கிற எண் தூரம், நடுவில் இரண்டு புள்ளி வைத்த எண் நேரம். நேரம் நாலு மணி நாற்பத்து நாலு நிமிசம். வகுத்துப் பார்த்தேன், மணிக்குத் தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. சரியாகத்தான் இருக்கிறது. இந்த நாலே முக்கால் மணி நேரத்தில் இறங்கினால் டொராண்டோவில் மதியம் இரண்டு மணி. மூன்று மணிக்கு என் மகள் தவமணியை ஆபரேசனுக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். தலைக்குள் கட்டி, இடது காதுக்கு மேலே, எலுமிச்சங்காய் அளவு என்று மாப்பிள்ளை திருமூர்த்தி சொன்னார். எடுத்துவிடலாமாம். எடுக்கும்போது பேச்சு போனாலும் போகுமாம், போகாமலும் இருக்குமாம். “மாமா, அவ உங்ககிட்ட ஒன்னு சொல்லணுமாங்க. அதை வெச்சுக்கிட்டு உள்ள போகமாட்டேங்கறா.” போனில் சொல்லச் சொல்லுங்க மாப்பிள்ளை என்றேன். “போன்ல சொன்னா நீங்க கட் பண்ணிருவீங்களாம் மாமா.” ஒன்பது வருசமாக அப்படித்தான் செய்கிறேன். அவள் நம்பர் வரும், பச்சையை அமுக்குவேன், அப்பா என்பாள், சிவப்பை அமுக்குவேன். எடுக்காமலே இருந்ததில்லை, ஒரு தடவைகூட. நாலாயிரத்து நூற்று எண்பது. ஒரு மூச்சில் முப்பது கிலோமீட்டர் போய்விட்டது. எங்கள் பக்கம் அது கிட்டத்தட்ட சங்ககிரியிலிருந்து சேலம் போகிற தூரம், ஒரு டீ குடித்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரம்.

ஜன்னலுக்கு வெளியே பகல் நின்றுபோய் இருக்கிறது. துபாயில் காலை ஒன்பது மணிக்கு ஏறினேன், பத்து மணி நேரம் ஆகப்போகிறது, சூரியன் றெக்கை ஓரத்தில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கீழே வெள்ளையாக ஏதோ. மேகமா பனியா தெரியவில்லை. ரோடு இல்லை, புளியமரம் இல்லை, எதிரே வருகிறவன் விளக்கைத் தாழ்த்துவதும் இல்லை. நாற்பது வருசம் லாரி ஓட்டியதில் இப்படி ஆளே இல்லாத வழியில் நான் போனதில்லை. சுற்றி முன்னூறு பேர் இருக்கிறார்கள், எல்லார் காதிலும் ஏதோ மாட்டியிருக்கிறது. சாப்பாடு கொடுத்த பெண் என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள், நான் தலையாட்டினேன், ஆறிப்போன ரொட்டியும் ஒரு வெள்ளைக் கட்டியும் வைத்துவிட்டுப் போனாள். பின்னால் இருந்தவனுக்குச் சோறு. அதை நான் மறக்கமாட்டேன். நான் எதையும் மறப்பதில்லை, என் வீட்டுக்காரி பாவாயி இருந்தபோது சொல்வாள், “உங்களுக்கு இருக்கறது ஞாபகம் இல்லீங்க, அது ரணம்.” அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தம்பி வீட்டு விசேசத்தில் இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது, வருசம் தொண்ணூற்றொன்று. விமானத்தில் ஏற்றிவிட வருகிறேன் என்ற அதே தம்பி முழங்கால் வலி என்று வராதது நேற்று. வலதுகைப் பக்கம் ஒரு அம்மா, அறுபது இருக்கும், யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் ஞானேஸ்வரி. ஏறினவுடன் அவரிடம்தான் கேட்டேன், எங்கம்மா எறங்கோணும், சொல்லிவிடுங்க என்று. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “எல்லாரும் ஒரே இடத்திலதான் ஐயா. இடையில இறங்க ஏலாது.” வேறு யாரும் அப்படிச் சிரித்திருந்தால் அதையும் சேர்த்துவைத்திருப்பேன். அவர் உடனே என் பெல்ட்டைப் போட்டுவிட்டார், அதனால் விட்டுவிட்டேன். இப்போது தூங்குகிறார். மூவாயிரத்துத் தொள்ளாயிரம்.

பக்கத்தில் ஒருவர் தூங்கும்போது எனக்கு முழித்திருப்பது பழக்கம். லாரியில் இரண்டு டிரைவர். ஒருவன் ஓட்ட, ஒருவன் பின்பலகையில் படுப்பான். என்னோடு பதினெட்டு வருசம் ஓட்டியவன் செங்கோடன். எங்கள் பிழைப்பில் ஒரு மரியாதை உண்டு. தூங்கி எழுந்தவன், என்ன இன்னும் இங்கேதான் இருக்கிறோமா, எங்கே நின்றாய் என்று கேட்கக்கூடாது. பஞ்சர் ஆயிருக்கும், செக்போஸ்டில் நிறுத்தியிருப்பான், மாடு குறுக்கே வந்திருக்கும், கண் சொருகி ஓரங்கட்டியிருப்பான். ஓட்டினவனுக்குத்தான் அது தெரியும். எழுந்தவன் முகத்தைக் கழுவிவிட்டு ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தூக்கம் வருகிற நேரத்தில் ஓட்டுகிறவன் ஏதாவது கதை சொல்லிக்கொண்டே வருவான், பக்கத்தில் இருப்பவன் “அப்பறம்?” என்று கேட்டுக்கொண்டே வர வேண்டும். கேட்பது நிற்கக்கூடாது, நின்றால் அவன் தூங்கிவிடுவான், வண்டி பள்ளத்துக்குப் போய்விடும். செங்கோடன் கல்யாணமான கதையையே நான் நூறு தடவை அப்பறம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் சங்ககிரி ஆபீசில் இருந்த மேனேஜர் குழந்தைவேலுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது. அவன் பின்னால் சுவரில் இந்தியா படம் மாட்டியிருப்பான், சங்ககிரியில் ஒரு ஆணி, ஆணியில் ஒரு வெள்ளை நூல். எந்த ஊருக்கு லோடோ அந்த ஊருக்கு நூலை இழுப்பான், விரலால் பிடித்து அடிக்கோலில் வைப்பான். “கவுகாத்தி ரெண்டாயிரத்து இருநூறு. மணிக்கு நாப்பது. அம்பத்தஞ்சு மணி நேரம். ஏழு நாள் கழிச்சு எறக்கியிருக்கற. எங்கடா நின்ன?” நூல் ஆந்திராவில் கடலுக்குள் இறங்கி ஒரிசாவில் கரையேறும். அவனுக்குக் கடலும் ரோடுதான். நான் சொல்ல ஆரம்பிப்பேன், கோதாவரிப் பாலத்தில் ஒரு நாள், எல்லையில் இரண்டு நாள் என்று. அவன் நூலைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். முப்பத்தைந்து வருசம் ஆகிறது. அவன் செத்தும் போனான். எழவுக்கு நான் போகவில்லை. போகிற வழியில் அந்தத் தெரு வந்தது, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரையில் இப்போது எண் போய்ப் படம் வருகிறது. துபாயிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு வளைந்து மேலே ஏறி, உலகத்தின் தலையைத் தொட்டு இறங்கி, நுனியில் ஒரு ஊர். கோட்டின் மேல் சின்ன விமானம், பூச்சி ஊர்கிற மாதிரி. அது நூல் மாதிரித்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மூடினால் பாவாயிதான் வருகிறாள், குளிர்பெட்டிக் கண்ணாடிக்குள், மூக்குத்தியில் ஆவி படிந்து. ஒன்பது வருசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை விடிகாலை ஐந்து மணிக்குப் போனாள், ஆறு மணிக்கு டொராண்டோவில் இருந்த தவமணிக்குப் போனில் சொன்னேன். “அம்மாவை வெச்சிருங்கப்பா, நான் வந்தர்றேன்,” என்றாள், அழுகையில் பாதி கேட்கவில்லை. செல்போன் கடைப் பெண்ணிடம் கேட்டேன், தட்டிப் பார்த்துச் சொன்னது, பதிமூவாயிரத்து நானூறு கிலோமீட்டர், பறக்கிற நேரம் பதினேழு மணி. காலண்டர் தாளின் பின்னால் எழுதினேன். ஆறும் பதினேழும், ராத்திரி பதினொன்று, சென்னை. அங்கிருந்து காரில் ஏழு மணி நேரம், காலை ஆறு. இரண்டு மணி நேரம் நானாகச் சேர்த்துப் போட்டேன், எட்டு. அன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிடலாம் என்று நின்ற பங்காளிகளிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன், நாற்பது வருசம் ஓட்டினவன் நான், எனக்கு நேரம் தெரியும், எட்டு மணிக்கு என் பொண்ணு வாசலில் நிற்பா. செவ்வாய்க்கிழமை எட்டு ஆயிற்று. பத்து ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. கார் சத்தம் கேட்டால் எழுந்து போவேன், வேறு யாராவது மாலையோடு இறங்குவார்கள். அவள் போன் எடுக்கவில்லை. மூன்று மணிக்குப் பெரிய பங்காளி பொங்கியண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு எல்லாரும் கேட்கிற மாதிரி சொன்னார், “அர்த்தநாரி, உன்ற புள்ள நடந்து வாராளாட்ட இருக்குது.” பந்தலில் சிரித்தார்கள். எழவு வீட்டில், என் வாசலில் சிரித்தார்கள். ஐந்து மணிக்கு எடுத்துவிட்டோம். அவள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்தாள். பெட்டியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடிவந்தவள், குளிர்பெட்டி இருந்த இடத்தில் ஈரத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் கேட்டேன், “எங்க நின்ன?” அவள் சொல்ல ஆரம்பித்தாள், “துபாய்லப்பா—” நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். கதவுக்கு வெளியே நின்று இரண்டு தடவை அப்பா என்றாள். நான் கட்டிலில் உட்கார்ந்து காலண்டர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரையும் சேர்த்து இருபத்து நாலு மணி நேரத்து வழிக்கு ஐம்பத்திரண்டு மணி நேரம். மீதி இருபத்தெட்டு மணி நேரம் எங்கே.

எங்கே. இந்தக் கேள்வியை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், படுக்கும்போது, ஷேவ் செய்யும்போது, தனியாகச் சோறு பொங்கி இறக்கும்போது. எனக்கு நானே ஒரு பதில் செய்துவைத்திருந்தேன். அவளுக்கு வேலை பெரிதாகப் போயிற்று, லீவு கேட்டு நின்றிருப்பாள், துணிமணி எடுத்துவைத்து மெதுவாகக் கிளம்பியிருப்பாள், வழியில் கடை பார்த்திருப்பாள், துபாயில் கடை நிறைய என்று சொல்கிறார்களே. அந்தக் கடைகளை இன்று விடிகாலை நான் பார்த்தேன். ஏழு மணி நேரம் அங்கே காத்துக் கிடந்தேன். தரையோடு பிணைத்த இரும்பு நாற்காலி, நடுவில் கைப்பிடி, படுக்க முடியாது. பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு, எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல், ஒன்றுக்குப் போனால் அதற்குள் விமானம் போய்விடுமோ என்று அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் ஒரு கணக்கு வந்தது. இந்த ஏழு மணி நேரம் அந்தப் பதினேழில் இல்லையே என்று. உடனே அதைத் தள்ளிவிட்டேன், கால் வீங்கியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். இப்போது அது மறுபடி வருகிறது, இந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வருகிறது. சென்னையில் விமானம் ஏறுவதற்கு முன்னால் நாலு மணி நேரம் வரிசையில் நின்றேனே, அது? டிக்கெட் இருக்கிற நாளுக்குத்தானே மாப்பிள்ளை போட்டார், கேட்ட நாளுக்கா கிடைத்தது? திங்கட்கிழமை நான் போன் செய்த நேரத்தில் அவள் வீட்டு வாசலில் இஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு ஒரு விமானம் நின்றதா? வண்டி கிடைக்கிற நேரம், லோடு ஏற்றுகிற நேரம், வரிசையில் நிற்கிற நேரம். இதையெல்லாம் சேர்த்துக்கொள் என்றுதானே அந்தக் குழந்தைவேலிடம் பதினெட்டு வருசம் வாய் வலிக்கச் சொன்னேன். காலண்டர் தாளில் நான் என்ன எழுதினேன். இரண்டு மணி நேரம் சேர்த்துப் போட்டேன். பெருந்தன்மையாக. இல்லை, அவள் ஒரு போன் செய்திருக்கலாம். போன் செய்திருக்கலாம்தானே. போனில் சார்ஜ் இருந்ததா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும். யார் சொன்னார்கள். சொல்ல வந்தவளை யார் விட்டார்கள். ஆயிரத்து நூற்று முப்பது.

மீதி முப்பத்தெட்டு. ஊர் வந்துவிட்டது என்று பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். கீழே சாம்பல் நிறம், பனி கொட்டுகிறதாம். மணி ஒன்று ஐம்பது. பிறகு திரையில் நாற்பத்து நாலு ஆயிற்று. அறுபத்தொன்று. மீதித் தூரம் ஏறுகிறது. என் பிழைப்பில் மைல்கல் பின்னால் போனதில்லை. றெக்கை சாய்ந்து சூரியன் இந்தப் பக்கம் வந்தது, அந்தப் பக்கம் போயிற்று. ஸ்பீக்கரில் ஏதோ சொன்னார்கள், எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். “ஓடுபாதையில பனி வழிக்கினமாம் ஐயா. வரிசையில நிக்கிறம்,” என்றார் ஞானேஸ்வரி அம்மா. ஆகாயத்திலும் செக்போஸ்ட். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். அதை ஆர் சொல்லுவினம் என்றார். மூன்று மணிக்கு என் மகளை உள்ளே கொண்டுபோகிறார்கள் என்று அவரிடம் சொன்னேன். சொன்னதும் மற்றதும் வந்துவிட்டது, பாவாயி, குளிர்பெட்டி, ஐம்பத்திரண்டு மணி நேரம், எல்லாம். ஒரு ஆளிடமும் நான் சொன்னதில்லை, பெல்ட் போட்டுவிட்ட ஒரு அம்மாளிடம் சொன்னேன். அவர் எனக்கு ஆறுதலும் சொல்லவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அவர் கதையைச் சொன்னார். “நான் முதல் தரம் இஞ்ச வரேக்க எனக்குப் பதினொரு மாசம் எடுத்தது ஐயா. எண்பத்தொன்பதில.” நடந்துங்களா என்றேன். “நடந்தும் வந்தம். ரசியாவில ஒரு அறைக்குள்ள நாலு மாசம். பிறகு உருளைக்கிழங்கு ஏத்தின லொறிக்குள்ள.” என்ன லாரி, எத்தனை சக்கரம் என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “உள்ளுக்க இருந்தவைக்குச் சக்கரம் தெரியுமே? டிரைவர் நல்ல மனிசன், எங்க நிக்கிறம் எண்டு மட்டும் சொல்லமாட்டார்.” அப்பறம் என்றேன். “அப்பறம் என்ன. அண்ணர் மூண்டு தரம் எயார்போட்டுக்கு வந்து பாத்திட்டு வெறுங்கையோட திரும்பினவர். நாலாம் தரம் நான் வந்தன். ஏன் பிந்தினது எண்டு இண்டைக்கு வரைக்கும் கேக்கேல்லை. பசிக்குதோ எண்டு கேட்டவர்.” ஐம்பத்தைந்து. நாற்பத்தொன்று. அறுபது. பசிக்கிறதா என்று அவளிடம் யார் கேட்டிருப்பார்கள் அந்த மூன்று நாளும். அடுப்பு பற்றவைக்காத வீடு. அக்கம்பக்கத்துச் சோறு எனக்கு வந்தது, நான் கதவைத் திறந்து வாங்கிச் சாத்திக்கொண்டேன். அவள் சாப்பிட்டாளா.

சக்கரம் தரையைத் தொட்டபோது மணி இரண்டு நாற்பத்தொன்று. திரையில் மீதி சைபர். எழுந்தேன், உட்காரச் சொன்னார்கள். விமானத்தை நிறுத்த இடம் காலியாக வேண்டுமாம். ஜன்னல் வழியே பார்த்தால் எங்களுக்கு முன்னால் நாலைந்து விமானம், சுங்கச்சாவடியில் நிற்கிற லாரிகள் மாதிரி, முதுகில் பனியோடு நிற்கின்றன. இரண்டு ஐம்பது. சைபர். பதிமூவாயிரத்து நானூறும் முடிந்து இந்தச் சைபர் முடியமாட்டேன் என்கிறது. என் போனை எடுத்தேன், சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தேன், மாப்பிள்ளை நம்பர், பெரிய எழுத்தில் எழுதிவந்தது. எடுத்த அவசரத்தில் சீட்டு விழுந்தது. ஞானேஸ்வரி அம்மா குனிந்து எடுத்தார். “நான் போன் தாறன். நீங்கள் கதையுங்கோ,” என்று அவரே எண்ணை அமுக்கிக் காதில் வைத்தார். மாப்பிள்ளை குரல். மாமா எங்கிருக்கீங்க என்றார். வந்துவிட்டேன், ஆனால் வரவில்லை என்றேன், வேறு எப்படிச் சொல்வது. ஸ்ட்ரெச்சர் வந்தாச்சுங்க மாமா, இருங்க என்றார். சக்கரம் உருளுகிற சத்தம். யாரோ இங்கிலீஷில் பேசினார்கள், மாப்பிள்ளை கெஞ்சுகிற மாதிரி ஏதோ சொன்னார். பிறகு ஒரு மூச்சு. எனக்கு அந்த மூச்சு தெரியும். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒன்பது வருசமாக நான் கேட்ட மூச்சு. “அப்பா,” என்றாள். என் கட்டைவிரல் தானாக நகர்ந்தது, அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன். “எங்க நின்னுட்டீங்கப்பா?” என்றாள். குத்திக்காட்டினாளா, விளையாடினாளா, குரல் ஈனமாக இருந்தது, தெரியவில்லை. நான் சொன்னேன், “துபாய்ல ஏழு மணி நேரம் சாமி. இங்க மேல ஐம்பது நிமிசம் சுத்துனான். இப்பத் தரையில நிக்கறேன். கண்ணுக்கு முன்னால கட்டடம் தெரியுது, எறங்க உடமாட்டேங்கறான்.” குழந்தைவேல் மாதிரி அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாளோ என்று இருந்தது. பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள். “எனக்குத் துபாய்ல பதினாலு மணி நேரங்கப்பா. அதுக்கும் முன்னாடி இங்க ஒரு ராத்திரி, பனி, வண்டியே கெளம்பல.” அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்தினாள். காத்திருக்கிறாள். நான் சிவப்பை அமுக்குவேனா என்று கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். திரையில் சைபர் அப்படியே எரிந்துகொண்டிருந்தது. மூன்றாக இரண்டு நிமிசம் இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் பனி வந்து ஒட்டி ஒட்டி வழிந்தது. போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டேன்.

“அப்பறம்?” என்றேன்.